நொட்டாங்கைக்கு ஒரு ஃபைல்

அந்தக் கண்டக்டர் என் காசை வாங்கவே இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் தனியார் பஸ், காலையில் முதல் ட்ரிப். நான் நீட்டிய நோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "போணி நேரத்துல இடது கையால குடுக்குறீங்களேம்மா" என்றார். புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்துக் காட்டினேன். மணிக்கட்டு தொங்கியது, விரல்கள் தலை குனிந்து நின்றன. அவர் முகம் சுண்டிப்போனது. "அச்சச்சோ, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக்கொண்டார். முதலில் சொன்னதைவிட இதுதான் எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது.

ஆடி மாதம் காவிரிப் பாலத்தை ஒட்டி மணலில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் மேல்கை எலும்பு உடைந்தது. எலும்பு நல்லபடியாகக் கூடிவிட்டது. அதை ஒட்டி ஓடும் நரம்புதான் அடிபட்டுப் படுத்துக்கொண்டது. விரலை மடக்க முடியும், நிமிர்த்த முடியாது. "நரம்பு தானா வரணும். வரும், ஆனா எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் இடது கை. பூக்காரம்மாவிடம், மருந்துக் கடையில், பக்கத்து வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது என்று போகுமிடமெல்லாம், "இடது கைன்னு நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கீழே விழுந்தவள் நான், மன்னிப்புக் கேட்பவளும் நானே.

எனக்கு வேலை கே.கே. நகரில், மாடியில் இயங்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில். ஸ்வீட் கடை, காரக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கவும் பில் போடவும் புரோகிராம் எழுதுவோம். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் மணப்பாறையில் முறுக்குத் தொழில் நடத்தும் ஓர் அம்மா. எந்த ஊருக்கு எத்தனை கிலோ கட்ட வேண்டும் என்று அவர்கள் அடுப்படியில் சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டை அச்சடிக்கும் புரோகிராம் முழுக்க நான் எழுதியது. அதை எழுதுவதுதான் என் வேலை, அது இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கட்டு பிரித்து நான் திரும்பியபோது மேனேஜர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்து மேஜைக்காரர், என் வயதுதான் அவருக்கும், நான் சொல்லச் சொல்ல அடிப்பார். தங்கமான மனிதர். ஆனால் நான் பாதி வரி சொல்லியிருக்கும்போது டீ குடிக்கப் போய்விடுவார். வந்து உட்கார்ந்து, "எங்க விட்டோம் மேடம்?" என்பார். எனக்கு எங்கே விட்டோம் என்பது மறந்து போயிருக்கும். புரோகிராம் எழுதும்போது யோசனை பாதி தலையில் நடக்கும், மீதி விரலில் நடக்கும். அந்தப் பாதியை அடுத்தவர் விரலில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது, அடுத்தவர் கையால் சாப்பாட்டை வாங்கிக்கொள்வது போல. வீட்டில் என் கணவர் பிசைந்து ஊட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

மேனேஜருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"தீபாவளி வரைக்கும் இப்படியே ஓட்டிடுவோம் மேடம். அப்புறம் நீங்க கஸ்டமர் போன் மேஜைக்கு வந்துடுங்க. உங்களுக்கும் சிரமம் இல்ல. புரோகிராம் எழுதுறத அவர் பாத்துக்குவார்."

"நான் எழுதிக் காட்டினா?"

"ஒரு கையாலயா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். அந்த வருத்தம்தான் என்னை உசுப்பிவிட்டது.

நான் புரோகிராம் எழுதுவது கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரியும் பழைய பாணி எடிட்டரில். மவுஸ் வேண்டாம், பொத்தான் படம் கிடையாது, எல்லாமே கீபோர்டுதான். ஆபீஸில் எல்லோரும் கேலி செய்வார்கள், கல்வெட்டு வெட்டுகிறீர்களா என்று. ஆனால் அந்த எடிட்டருக்கு ஒரு குணம் உண்டு. அது திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு சின்ன ஃபைலைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கான்ஃபிக் ஃபைல் என்பார்கள். அதில் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோமோ அப்படியே நடந்துகொள்ளும். இந்தக் கீயை அழுத்தினால் அந்த எழுத்து வரட்டும் என்றால் வரும். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காது. இந்த உலகத்தில் அப்படி ஒரு ஜீவன் எனக்கு அப்போது தேவைப்பட்டது.

அன்று சாயங்காலமே சமையல் மேடை ஓரத்தில் லேப்டாப்பை வைத்துப் புது ஃபைல் திறந்தேன். எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவது எனக்குப் பழக்கம். முதல் வரியில் ஒரு 'உ' போட்டேன். அதற்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி. அந்தக் குறி இருந்தால் எடிட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், நமக்கு மட்டும்தான் அது. ஃபைலுக்கு நொட்டாங்கை என்று பெயர் வைத்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கோபத்துல வெச்ச பேரா?" என்றார். ஆமாம், கோபத்தில் வைத்த பெயர்தான்.

யோசனை இதுதான். டைப் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இடது ஆள்காட்டி விரல் எஃப் மேல் இருக்கும், வலது ஆள்காட்டி விரல் ஜே மேல் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே இடம். அப்படியானால் வலது விரல் செய்த வேலை அதே இடத்திலுள்ள இடது விரலுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பேஸ் கீயைத் தட்டிவிட்டு எஃப் அடித்தால் ஜே வரட்டும், டி அடித்தால் கே வரட்டும். வலப்பக்கத்துக் கீபோர்டு முழுவதையும் மடித்து இடப்பக்கத்தின் மேல் போர்த்திவிட்டேன்.

அடித்துப் பார்த்தால் கண்றாவி. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் ஸ்பேஸ் தட்டுவோமே, அதை நான் மறந்தே போனேன். எஃப்பில் தொடங்கும் ஒவ்வொரு வார்த்தையும் ஜே போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஸ்பேஸை விட்டுவிட்டு, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த டேப் கீயைப் பிடித்தேன். அது சரியாக வந்தது. அடுத்த நாள், கர்சரை நகர்த்தும் கீகளை இடப்பக்கம் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று, எடிட்டரைச் சேமித்து மூடும் கீயையே வேறொன்றாக மாற்றித் தொலைத்தேன். உள்ளே மாட்டிக்கொண்டேன். வெளியே வர முடியவில்லை, சேமிக்கவும் முடியவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே விழுங்கிய கதை. கடைசியில் லேப்டாப்பையே அணைத்துவிட்டு, எடிட்டரைக் கான்ஃபிக் இல்லாமல் திறந்து, ஒரு கையால் கீபோர்டு முழுக்க நொண்டியடித்து அந்த வரியைத் திருத்தினேன். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒவ்வொரு நாளும் ஃபைல் வளர்ந்தது. இடது கைக்கு எட்டாத குறிகளுக்கெல்லாம் எட்டும் இடத்தில் மாற்றுக் கீ வைத்தேன். நான் அடிக்கடி எழுதும் நீளமான சொற்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்தேன். அந்த இரண்டெழுத்தை அடித்தால் எடிட்டர் முழுச் சொல்லையும் விரித்துப் போட்டுவிடும். காலையில் சாதம் வேகும் நேரத்தில் அடித்துப் பழகினேன். முதலில் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆனது. பிறகு ஒரு காலையில், குக்கர் விசில் அடித்ததைக்கூடக் கவனிக்காமல் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சாதம் குழைந்துவிட்டது. நான் அடுப்படியிலேயே நின்று கத்தினேன், சந்தோஷத்தில்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸில் எல்லாக் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். என்னுடையதற்கு நானே வைத்தேன், இடப்பக்கத்தில் மட்டும். "மறு பக்கம் விட்டுட்டீங்களே மேடம்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "அது இப்போ வேலை செய்யல சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும், பிறகு காட்டலாம் என்று காத்திருந்தேன்.

ஆனால் காட்ட வேண்டிய நாள் என்னைக் கேட்காமலே வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில் ஆபீஸ் திறந்ததும் மணப்பாறையிலிருந்து போன். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாவின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"எண்ணெய் காயுதுங்க. வண்டி வந்து வாசல்ல நிக்குது. எந்த ஊருக்கு எத்தனைன்னு சீட்டு வரவே மாட்டேங்குது. ஆளுங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க!"

பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க மேடம், அடிக்கிறேன்."

"எழுந்திருங்க சார்" என்றேன்.

"மேடம், இப்போ வேண்டாமே" என்றார் மேனேஜர்.

"இப்போதான் வேணும் சார்."

உட்கார்ந்தேன். நொட்டாங்கை ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் முன்பே போட்டுவைத்திருந்தேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கை தன் பாட்டுக்குப் போனது. அவர்களுடைய ஆர்டர் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து, 'உ'. கிலோ இருக்க வேண்டிய இடம் காலி.

"அம்மா, இன்னைக்குப் புதுக் கணக்கு ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. தீபாவளி ஆர்டர் இல்லீங்களா, நல்ல நேரம் பாத்து, கம்ப்யூட்டர்ல பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிச்சோம். ஏங்க, போடக் கூடாதா?"

போடலாம். என் புரோகிராமுக்குத்தான் பிள்ளையாரைத் தெரியவில்லை. உ என்ற ஊரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. "அந்த வரிய அழிச்சிடுங்க மேடம், முடிஞ்சிடும்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அழித்தால் அந்த நிமிஷம் முடிந்துவிடும், அது எனக்கும் தெரியும். ஆனால் நல்ல நேரம் பார்த்துப் போட்ட சுழியை அழிக்க நான் யார்? அடுத்த வருஷமும் போடத்தான் போகிறார்கள். முதல் வரியில் சுழி மட்டும் இருந்தால் அதைச் சீட்டின் தலையில் அச்சடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று புரோகிராமுக்குச் சொல்லிவைக்க முடிவு செய்தேன். டேப், எஃப், டேப், டி என்று விரல்கள் ஓடின. சுருக்கங்கள் விரிந்தன. 'உ' தேவைப்பட்ட இடத்தில் என் நொட்டாங்கை ஃபைலைத் திறந்து அதன் முதல் வரியிலிருந்தே எடுத்து ஒட்டினேன். முடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் போனில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிரிண்டர் கரகரத்தது.

"வருதுங்க! வருது! அட, மேல சுழி போட்டு வருதுங்க!"

அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. இருக்கட்டுமே. பக்கத்து மேஜைக்காரர் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், என்னைவிட வேகமா அடிக்கிறீங்க" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன். "போன் மேஜைக்கு வேற ஆள் பாருங்க சார்." அவர் தலையை ஆட்டினார். "பாத்துடலாம் மேடம்." டீ வந்தது. எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

தீபாவளி முடிந்து அந்த அம்மா ஆபீஸுக்கே வந்தார். நேரில் நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் பெரிய முறுக்குப் பொட்டலம். மேனேஜர் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தார் போல, நேராக என் மேஜைக்கு வந்து நீட்டினார். நான் எழுந்தேன். இடது கை முன்னே போனது, வாயும் பழக்க தோஷத்தில் திறந்தது. "இடது கைன்னு..."

"அன்னைக்குச் சீட்ட வரவெச்ச கை இதுதானேங்க?" என்று குறுக்கே கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப இதுலயே வாங்குங்க."

வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். ஆரம்பித்த வாக்கியத்தை அன்று முடிக்கவில்லை, அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவும் இல்லை.