ஏச்சு எனக்கு, பேர் உங்களுக்கு

“இன்னொருக்காச் சொல்லுங்க புள்ள. ஓட்டோச் சத்தத்துக்குள்ள விளங்காத கதை கூட்டத்துலயும் விளங்காது,” என்கிறார் றாஹிலா. நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் பறக்கும் ஓட்டோவில், அவருக்கும் எனக்கும் நடுவில் நசுங்கியபடி, நீரியல் ஆய்வாளர் மேனுஜா தன் ஆராய்ச்சியைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரைதீவுச் சந்திக்கு முன் சொல்லி முடிக்க வேண்டும் என்பது றாஹிலாவின் சட்டம். முடியாவிட்டால் நீண்ட வாக்கியங்களுக்குக் கத்தி விழும்.

கரையோர ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் றாஹிலா வெளிக்களத் தொடர்பு அலுவலர், நான் அவருக்கு உதவியாள். விஞ்ஞானிகளை மக்களிடமும் அதிகாரிகளிடமும் கூட்டிப் போவது அவர் வேலை. கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பார், லீவு எடுத்துக் கொடுப்பார், வாகனம் இல்லாவிட்டால் ஓட்டோ பிடிப்பார். பத்திரிகையில் ஆய்வுச் செய்தி வந்தால் அடியில் இருக்கும் தொலைபேசி இலக்கமும் அவருடையதுதான். கோபக்காரர் யாராவது அழைத்தால், வீட்டில் இறால் உரித்தபடியே “ஓம் காக்கா, ஓம் காக்கா” என்று அண்ணன் முறை வைத்து முழுவதையும் வாங்கிக்கொள்வார். “ஏச்சு எனக்கு, பேர் உங்களுக்கு” என்பது விஞ்ஞானிகளோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அதற்குப் பதிலாக அவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. விஞ்ஞானிகள் எதற்கும் “இருக்கலாம்” என்பார்கள். விவசாயிகளோ, இவருக்கே தெரியாதாம் என்று எழுந்து போய்விடுவார்கள். அதற்காக “நிச்சயம்” என்று சொல்லவும் றாஹிலா விடமாட்டார். பத்து வருசத்தில் எத்தனை வருசம் அப்படி நடந்தது என்று சொல்லச் சொல்வார். பொய்யும் ஆகாது, மழுப்பலும் ஆகாது. பெரிய பெரிய கலாநிதிகள் இவருக்கு முன்னால் பரீட்சை மண்டபத்துப் பிள்ளைகளாக முழிப்பதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

அவரும் சறுக்கியிருக்கிறார். ஒருமுறை மீன்வள ஆய்வாளர் அர்ஹமைப் பொத்துவில் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நிறுத்திப் பேச வைத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம் தாங்காமல் அர்ஹம் தானும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வலை கரையேறியபின் மீனவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவரோ கொப்புளம் போட்ட கைகளை ஊதிக்கொண்டே பதில் சொன்னார். “வலை கடலுக்குள்ள இரிக்கக்குள்ள வாய் திறக்கப்படா,” என்று இப்போது எல்லோருக்கும் றாஹிலா பாடம் எடுக்கிறார், தான் முன்பே அறிந்ததைப் போல.

நிறுவனத்தில் பதவி உயர்வுக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. மக்களிடம் போய்ப் பேசினால் ஒரு தேத்தண்ணியோடு சரி. அதற்கும் புள்ளி வேண்டுமென்று வருசாவருசம் றாஹிலா கேட்பார். நிறுவனத்துக்குத் தலைவரான பணிப்பாளர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பார்ப்போம் என்பார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று இவரும் விடுவதில்லை.

இன்றைய கூட்டம் லேசானதல்ல. மாரி தொடங்கப்போகிறது. கடலோர நீர்நிலையான களப்பு நிரம்பி வயல்களுக்குள் வெள்ளம் ஏறினால், கடலுக்கு வழிவிட முகத்துவார மணல்மேட்டை வெட்டுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வருசமும் சண்டை. மழை விழுந்ததும் வெட்டு என்பார்கள் விவசாயிகள். வெட்டினால் இறால் குஞ்செல்லாம் கடலோடு போய்விடும் என்பார்கள் மீனவர்கள். அவசரப்பட்டு வெட்டிய வருசங்களில் உப்புத் தண்ணீர் களப்பேறித் தாழ்ந்த வயல்களையும் கெடுத்திருக்கிறது என்று மேனுஜா அளந்து கண்டிருக்கிறார். பாலத்துத் தூணில் குறிப்பிட்ட மட்டத்துக்கு நீர் ஏறும்வரை பொறுக்கச் சொல்லப் போகிறார். பொறுத்தால் சில வயல்கள் சில நாள் முழுகிக் கிடக்கும். கணக்குப் பிழைத்துப்போனால் பழி மேனுஜாவின் தலையில். அவருடைய வேலையோ ஒப்பந்த வேலை, புதுப்பிக்கும் காலமும் நெருங்கிவிட்டது.

சாய்ந்தமருதில் றாஹிலாவின் தொலைபேசி அடித்தது. பணிப்பாளர். பிள்ளை தாராளமாகக் கதைக்கட்டும், ஆனால் சொந்தக் கருத்தாக இருக்கட்டும், நிறுவனத்தை இழுக்க வேண்டாம் என்றாராம். சொல்லிவிட்டு றாஹிலா கழுத்திலிருந்த நிறுவன அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

பிரதேச செயலக மண்டபத்தில் மேனுஜா நன்றாகவே பேசினார். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த றாஹிலாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. பேசி முடித்ததும் காரைதீவு விவசாயி அருளம்பலம் ஐயா எழுந்தார். குரலில் கோபமில்லை.

“மகள், நீங்க சொல்றபடி பொறுத்து, எங்கட வயல் அழிஞ்சா நாங்க ஆரிட்ட வந்து கேக்கிற? உங்களிட்டயா, உங்கட ஆராய்ச்சிக் கந்தோரிட்டயா?”

மேடைக்கருகே தனி மேசையோரம் நின்ற மேனுஜா, மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். எல்லாத் தலைகளும் அதே பக்கம் திரும்பின.

றாஹிலா எழுந்தார். கைப்பைக்குள் கிடந்த நிறுவன அடையாள அட்டையை எடுத்து, பர்தாவுக்கு மேலே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டார். தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி, வழியிலிருந்தவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டே முன்னால் போய், மேனுஜாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.