எடைத் துண்டு

என் அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது கம்ப்யூட்டரில் போடும் ஒரு கறுப்பு ஃபிளாப்பி. அதன் வெள்ளை உறையில் நீல மையில் 'எடை' என்று எழுதியிருக்கும். ஓரத்தில் ஆயுத பூஜைக்கு அக்கா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டு வைத்தால் ஃபிளாப்பி கெட்டுப்போகும் என்று மாமா கத்தினார். "உறை மேலதானே வச்சேன்? சாமி இன்னா உள்ள பூந்தா பாக்கப்போவுது?" என்றாள் அக்கா. மாமா சிரித்துவிட்டார். அந்த ஆண்டு எல்லோருமே சிரிக்கிற நிலையில்தான் இருந்தோம்.

எண்பதுகளின் பிற்பாதி அது. மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு ஆரணிக்கே திரும்பி வந்த மாமா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கடை திறந்தார். கல்லூரி முடித்திருந்த நான் அவரிடம் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று திரையைப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பியது. மாமாவும் நம்பினார். கெட்டது அதில்தான் தொடங்கியது.

மாமா எந்தப் புரோகிராமையும் முழுதாக ஒரே மூச்சில் எழுத மாட்டார். துண்டு துண்டாகத்தான் எழுதுவார். தேதியைச் சரிபார்க்க ஒரு துண்டு, பெயர்களை வரிசைப்படுத்த ஒரு துண்டு, எடையைக் கூட்டிக் கழிக்க ஒரு துண்டு. புது ஆள் வந்து வேலை கேட்டால், ஏற்கெனவே இருக்கும் துண்டுகளை எடுத்துக் கோத்து, இல்லாததை மட்டும் புதிதாக எழுதிச் சேர்ப்பார். "ஒரு தபா எழுதி ஒழுங்கா ஓடிச்சின்னா, அத்த மறுபடி எழுதறவன் மடையன்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் என்று அக்கா கேலி செய்வாள். கேலி என்ன, உண்மையும் அதுதான். மற்றவர்கள் மாதக்கணக்கில் இழுக்கும் வேலையை அவர் ஜல்தியாக முடித்துக் கொடுத்தது இதனால்தான்.

எடைத் துண்டை அவர் முதலில் எழுதியது ஓர் அரிசி மில்லுக்கு. மூட்டைகளை நிறுக்கும் தராசு ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் ஐம்பது கிராமுக்குக் கீழே வரும் சில்லறையை விட்டுவிடும்படி எழுதினார். மில்காரரே சொன்னதுதான்: "அரிசில அம்பது கிராமு எலி துன்னுட்டுப் போவுது, வுடுங்க சார்." மில்லில் அந்தத் துண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு ஒரு பட்டுக் கடை முதலாளி வந்தார். அவர் நெசவாளர்களுக்குப் பட்டை நிறுத்துக் கொடுப்பார். அவர்கள் சேலையாக நெய்து கொண்டுவந்தால் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். போனதும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஊரில் பட்டு குறைந்தால் அதற்கு ஒரே பொருள்தான், திருட்டு. மாமா எடைத் துண்டை எடுத்து அப்படியே பொருத்தினார். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் திறக்க வேண்டும்?

அந்தக் கடையில் ஒரு நெசவாளர் இருந்தார். வீட்டுக்குள் குழி தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அவருடையது. தறியில் நீளவாக்கில் பூட்டும் நூலான பாவு ஒன்றில் மூன்று சேலை வரும். மற்றவர்கள் மூன்றையும் முடித்துவிட்டு ஒன்றாகக் கொண்டுவருவார்கள். இவர் மட்டும் ஒவ்வொன்றும் தறியிலிருந்து இறங்கிய கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அடுத்தவர் பட்டு நம் வீட்டில் ஒரு நாள்கூட அதிகம் இருக்கக் கூடாது என்பது அவர் குணம். பட்டு ஒரே தடவையில் போனது, சேலையாக மூன்று தடவை திரும்பி வந்தது. மற்றவர்களுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று சில்லறை ஈடாகிவிடும். இவருக்கோ வந்த ஒவ்வொரு தடவையும் துண்டு சில்லறையைத் தின்றது. பாவுக்குப் பாவு அவர் பெயரில் மட்டும் பட்டு குறைந்துகொண்டே போனது.

பாவு கொடுக்கும் நாளில் கடைக் கூடத்தில் நெசவாளர்கள் எல்லோரும் கூடியிருப்பார்கள். அத்தனை பேர் எதிரிலும் முதலாளி இதைக் கேட்டார். மாமாவும் நானும் அன்று அங்கே இருந்தோம். அந்த மனிதர் முதலாளியைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவரு. நல்லா ஒரு தபா பாருங்க சார். நா நூலுகூட எடுத்தது இல்ல."

மாமா மென்மையாகத்தான் பேசினார். "ஆளுன்னா தப்பு பண்ணுவாங்க. மிஷினு பொய் சொல்லாதுப்பா."

அவருக்குப் பாவு நின்றது. ஆரணியில் ஒரு கடையில் காலையில் பேசினது சாயந்திரத்துக்குள் எல்லாக் கடைக்கும் தெரியும். வேறு யாரும் அவருக்குப் பட்டு கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில், எங்களுக்கு முதன்முதலில் வேலை கொடுத்த அதே அரிசி மில்லில் அவர் மூட்டை தூக்குவதைப் பார்த்தேன்.

அடுத்த கோடையில் ஒரு நகைக்கடைக்காரர் வேலை கொடுத்தார். மாமா வழக்கம்போல எடைத் துண்டை எடுத்தார். தங்கமாயிற்றே என்று இந்தத் தடவை திறந்து வரிவரியாகப் படித்தார். ஐம்பது கிராமுக்குக் கீழே விட்டுவிடும் வரியில் நிறுத்தினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் அவர் சட்டை நனைந்துவிட்டது. என்னிடம் சொன்னார்: "தங்கம்னதும் தொறந்து பாத்தேம்மா. பட்டுக்கு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு முப்பது ஆண்டுகள் நானும் இந்தத் தொழிலில்தான் இருந்தேன். இப்போதுள்ள பிள்ளைகள் யார் எழுதியது என்றே தெரியாத துண்டுகளை எங்கிருந்தோ எடுத்துக் கோக்கிறார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் கட்ட முடியும். ஆனால் எவனாவது "நல்லா ஓடுது மேடம்" என்று சொன்னால் மட்டும் எனக்கு எரிச்சல் வந்துவிடும். யாருக்கு ஓடியது என்று கேட்பேன்.

அந்தக் கோடையிலேயே மாமா பட்டுக் கடை முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் பதறினார். "வெளிய சொல்லாதீங்க. நாளைக்கு அத்தினி பேரும் வந்து நிப்பானுங்க. அவனுக்கு நானே கமுக்கமா பாவு குடுத்துடறேன்" என்றார். எங்கள் கடையின் பெயர் கெட்டுவிடும் என்று அக்காவும் அழுதாள். மாமா கேட்கவில்லை. அடுத்த பாவு நாளில் மில்லுக்குப் போய் அந்த நெசவாளரைக் கையோடு அழைத்துவந்து, அதே கூடத்தில், எல்லோர் எதிரிலும் சொன்னார்: "இவரு எடுக்கல. தப்பு மிஷினுது இல்ல, என்னுது." முதலாளி ஒரு பாவைத் தூக்கி அவர் பக்கமாக நகர்த்தினார்.

அவர் அதைத் தொடவில்லை. தோளில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்:

"தறிய வித்துட்டேங்க. தறிக் குழிய மண்ணு போட்டு மூடியாச்சு. இப்ப புள்ளைங்க அதும்மேலதான் படுத்துகினு இருக்குதுங்க."