என் வலது காலும் அவர் கையெழுத்தும்

எழுபத்தேழாம் வருஷத்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில், காலை பத்து மணிக்கு, நான் என் கணவரின் தலைக்கு மேலே காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன், அவ்வளவுதான். பிரேக் குழாய்களில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே சிறிய திருகு ஒன்றைத் திறந்து மூட. அவர் கீழேயிருந்து "தெக்கான்!" என்பார். மலாயில் அழுத்து என்று பொருள். "லெப்பாஸ்!" என்றால் விடு. ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் அது கேட்கும். நான் அறந்தாங்கிப் பக்கம் வளர்ந்தவள். படுத்திருக்கும் ஆண்பிள்ளையைத் தாண்டிப் போனாலே திட்டு விழும் வீடு எங்கள் வீடு. அதனால் முதல் சில வாரங்கள் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சாமி கும்புட்டது போதும்லா, தெக்கான்!" என்று அடியிலிருந்து சத்தம் வரும்.

நான் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியது எழுபத்து நாலில். மலேசியா மாப்பிள்ளை என்றதும் எங்கள் தெருவே என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இங்கே நான் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுகிற மனைவி என்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது. எனக்கும் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர், இவளுக்கு நான் பொறுப்பு என்று ஒரு பாரத்தில் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு, இமிக்ரேஷன் எனும் குடிநுழைவு அலுவலகத்துக்கு என்னோடு நேரில் வந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் என் கடவுச்சீட்டில் இன்னொரு வருஷத்துக்கு, பாஸ் என்கிற தங்கும் அனுமதி முத்திரை விழும். எங்கள் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவன் ஈப்போவில் பிறந்த இந்த நாட்டுப் பிள்ளை. நான்தான் விருந்தாளி. இரண்டு சந்து தள்ளி மன்னார்குடிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், மண் சரிந்து செத்துப்போனார். பாஸ் முடிகிறவரை இருந்தாள், பிறகு பெட்டியைக் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற இரண்டு பிள்ளைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்த நாளிலிருந்து, என் கணவருக்கு ஒரு தும்மல் வந்தால்கூட நான் கஷாயம் வைக்க ஓடுவேன். அது பாசமா பயமா என்று அப்போது நான் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்தக் கார் வந்து சேர்ந்தது. என் கணவர் பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே டிராக்டர் பிட்டராக இருந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, கடைசித் துரையின் இரண்டு இருக்கைக் கார் ஒன்று ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டுக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு நிறுத்திவிட்டார். கதவே இடுப்பு உயரம்தான். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். "இந்தக் காடியில தொர வந்தா நாங்க லோங்காங்ல எறங்கி நிக்கணும் தெரியுமா," என்று அவர் முதல் நாளே சொன்னார். காடி என்றால் கார், லோங்காங் என்றால் சாக்கடை வாய்க்கால். "எங்கப்பா தலையில ரப்பர்ப் பால் வாளியோட எறங்கி நிப்பாரு. நான் இத லயத்து வாசல் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போவேன். பாரு நீ." லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு. இதைக் கேட்டபின் காரை வேண்டாம் என்று சொல்ல எந்த மனைவிக்கு வாய் வரும்?

ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. துருவைச் சுரண்டி, தரைப் பலகையை மாற்றி, இருக்கைக்கு நானே ரெக்சின் தைத்துக் கொடுத்தேன். பழைய இன்ஜின் உடைந்திருந்ததால், மோதி நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றின் இன்ஜினை இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து பொருத்தினார். முன்னதைவிட இரண்டு மடங்கு பலம் என்றார். நிறுத்துவதற்கு மட்டும் துரை காலத்துப் பிரேக்கேதான். அதன் ரப்பர் வளையங்கள் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பழைய வளையங்களையே கழற்றி, டிராக்டர் சாமான்களுக்குச் செய்வதுபோல மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, மறுபடி மாட்டினார். அவர் கை பட்ட எந்தச் சாமானும் பளபளவென்று இருக்கும். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை என் காலுக்குத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் தையல் மிஷின் மிதித்த கால் அது. மிதித்தால் பிரேக் முதலில் கெட்டியாக நிற்கும். அப்படியே அழுத்தி வைத்திருந்தால், ஈர மண்ணில் கால் புதைகிற மாதிரி மெல்ல மெல்லக் கீழே போகும். சொன்னேன். "காத்து இன்னும் இருக்கு, அதான்," என்றார். அடுத்த ஞாயிறும் சொன்னேன். "நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்றார். மூன்றாவது ஞாயிறு நான் மிதிக்க மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் அசரவில்லை. பக்கத்து வீட்டு ஆ செங்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆ செங் சீனர், வார்ப்புப் பட்டறைக்காரர், நல்ல மனுஷன். நாலு மிதி மிதித்து "ஓகே லா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் பயப்படுகிறாய் என்று மலாயில் கேட்டார். கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கதி என்ன என்று சொல்ல நினைத்தேன். என் மலாய் எட்டிய தூரம், "சாயா தாக்குட் சுவாமி" என்பதுவரைதான். மலாயில் தாக்குட் என்றால் பயம், சுவாமி என்றால் கணவன்; கணவனைக் கண்டு பயம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காருக்கடியில் கிடந்தவரின் காலை எட்டி உதைத்து, "ஏன் பெண்டாட்டிய அடிக்கிற?" என்று ஆரம்பித்துவிட்டார். என் கணவர் வெளியே வந்து விளக்கம் சொல்லி முடிக்க அரை மணி நேரமாயிற்று. பிரேக்கை எல்லாரும் மறந்துபோனார்கள்.

அந்த வருஷத்து பாஸ் ஒரு திங்கட்கிழமையோடு முடிவதாக இருந்தது. நல்ல நாள் பார்க்கிற மாதிரி அவர் கையெழுத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார். தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், அவருக்குத் தெரிந்தவர். அவரைச் சாட்சியாக வைத்து முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். காரிலேயே போகலாம் என்றும் சொன்னார். பஸ்ஸில் போவோம் என்று கெஞ்சினேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "லயத்துக்கு நான் பஸ்ல போறதுக்கா இவ்ளோ நாளு இது அடியில கெடந்தேன்?" இரண்டே இருக்கை என்பதால் பையனை ஆ செங் வீட்டில் விட்டேன். பாரத்தை மடித்துக் கைப்பையில் வைத்து, பையை மடியில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

பத்து காஜா வரை சமதரை. ஈய லம்பத்துக் குட்டைகளும் வெள்ளை மணலும்தான் இருபுறமும். அவர் பாடாத குறை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் செம்மண் பாதை ஏறி இறங்க ஆரம்பித்தது. பாதி மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்ப்பனை கன்று வைத்திருந்தார்கள். கடைசி மேட்டிலிருந்து பார்த்தால் கீழே கைப்பிடியில்லாத ஒரு மரப்பாலம், அதைத் தாண்டி லயம். இறக்கத்தில் பாதி போனதும் அவர் கால் தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. மறுபடி மிதித்தார், மறுபடி அதே சத்தம். "பிரேக் இல்ல," என்றார், சாதாரணமாக, உப்பு இல்லை என்பது போல. கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது. கைப் பிரேக்கை இழுத்ததும் வண்டியின் பின்பக்கம் விலகி ஓடியது. பாலம் கிட்டே வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை இத்தனை வருஷத்தில் யாருக்கும் எழுதியதில்லை. கடவுளே அவரைக் காப்பாற்று என்று நினைக்கவில்லை. பிள்ளை ஞாபகம் வரவில்லை. பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்றுதான் நினைத்தேன்.

அவர் ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைச் செம்மண் மேட்டில் மோதவிட்டார். மண்ணும் வேரும் எங்கள் மேல் கொட்டின. இருவரும் உயிரோடு இருந்தோம். அவர் வலது கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார், கட்டை விரல் வேறு பக்கம் பார்த்தது. நான் திரும்பி அவரிடம் கேட்டேன்: "கையெழுத்துப் போட முடியுமாங்க?"

"என்னா கேட்ட?" என்றார். அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

லயத்திலிருந்து அவர் அக்கா பாக்கியம் ஓடிவந்தார். முப்பது வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். தம்பியின் விரலைத் துணியால் இறுக்கிக் கட்டியபடியே என்ன ஆச்சு என்று விசாரித்தார். பிரேக் ரப்பர், பழசு, மண்ணெண்ணெயில் கழுவினேன் என்று அவர் சொல்லச் சொல்ல அக்காவின் கை நின்றுவிட்டது.

"மண்ணெண்ணையிலயா? ரப்பரயா? டேய், சட்டையில ஒட்டுன பால எடுக்கறதுக்கு நாங்க எதுலடா ஊறப் போடுறோம்? அதுல போட்டாத்தானே ஊதிப்போயி கொழகொழன்னு கழண்டு வரும். அம்மா ஒன் தலையில ஒட்டுனதயே அப்படித்தானே எடுத்துச்சு. தோட்டத்துல பொறந்துட்டு இதக்கூட மறந்துட்டியே லா!"

அவருடையது டிராக்டர் பட்டறையில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய கை. லயத்துப் பொம்பளைகளின் துவைக்கிற கல்லில் இருந்த சங்கதி பட்டறைக்கு வந்து சேரவே இல்லை. நான் முன்பே சொன்னது அங்கே என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் கேள்விக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கிராணி வீட்டில், வீங்கிய விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டார். சின்னப்பிள்ளை எழுத்து மாதிரி வந்தது. மறுநாள் கவுன்டரில் அதிகாரி அதையும் போன வருஷத்துக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இவரின் கட்டைப் பார்த்தார். கெரெத்தா, என்றார் இவர், கார் என்று. தன் முன்னால் இன்னொரு தடவை போடச் சொன்னார் அதிகாரி. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். அதே கோணல். முத்திரை விழுந்ததும் கடவுச்சீட்டை வாங்கித் தேதியை இரண்டு தடவை படித்தேன்.

ஐந்தாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் ஒனக்கு ஒரு கையெழுத்துதானா?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கும் கோபம் இருந்தது. "இந்த நாட்டுல ஆமாங்க. நீங்க செத்தா உங்க புள்ள இங்க இருப்பான், உங்க காரு இங்க இருக்கும். நான் இருக்க முடியாது. அத நெனச்சுக்கிட்டு ஓட்டியிருக்கணும் நீங்க."

அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

புதிய ரப்பர் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஒவ்வொன்றையும் பிரேக் எண்ணெயிலேயே கழுவி, மாட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினார். முன் சக்கரங்களுக்கு ஜப்பான் காரின் டிஸ்க் பிரேக்கையும் பொருத்தினார். மேட்டில் நசுங்கிய காரின் முகத்தைத் தட்டி நிமிர்த்த இன்னும் சில மாதம் ஆயிற்று. கடைசியில் நான் மிதித்து, நூறு எண்ணினேன். கால் இம்மி இறங்கவில்லை. "போலாமா?" என்று கேட்டார், முதல் தடவையாக. போகலாம் என்று நான் சொன்ன பிறகுதான் சாவியைத் திருகினார். அன்று பாலத்தைத் தாண்டி லயத்து வாசலில் போய் நின்றோம். பாக்கியம் அக்கா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்.

அதற்கடுத்த வாரம் அவர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். குடிநுழைவுப் பாரங்கள், பத்து. எல்லாவற்றிலும் மேலே என் பெயரை எழுதி, கீழே பொறுப்பாளர் இடத்தில், ஆறிய விரலால், அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். "பத்து வருஷத்துக்கு இருக்கு. நான் இருந்தாலும் இல்லாட்டியும்." வருஷா வருஷம் ஆள் நேரில் வராமல் அந்தத் தாள் செல்லாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாய்விட்டு அழுதேன். மலேசியாவுக்கு வந்து அப்படி அழுதது அன்றுதான்.

எண்பத்து மூன்றில் எனக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை கிடைத்தது. இனி யார் கையெழுத்தும் வேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார், கார் நன்றாக நிற்கிறது. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அந்தப் பத்துப் பாரங்களும் கையில் கிடைத்தன. இத்தனை நாள் கவனிக்காத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம்: சொந்த நாட்டுக்குத் திரும்பும் தேதி. பத்திலும் அவர் அதை வெறுமையாக விட்டிருக்கிறார். இனி எதற்கு என்று பேனாவை எடுத்து, முதல் தாளில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடிக்கப் போனேன். அறந்தாங்கியில் அப்பா இன்னும் ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டத்தை அடிக்காமலே பேனாவை மூடிவிட்டேன்.