பூ இல்லை, புண்

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும்போது வெங்காயத் தாளின் நுனி என் வலக்கண்ணில் அடித்தது. அடுத்த வீட்டுப் பாக்கியம், தன் கண்புரை ஒப்பரேசனில் மிஞ்சிய சொட்டு மருந்தைக் கொண்டுவந்து தந்தாள். ஐந்து நாள் விட்டேன். கருவிழியில் வெள்ளைப் புள்ளி வந்தது.

"பூ விழுந்திட்டுது. வயசு போனால் வாறதுதானேயக்கா," என்றாள் பாக்கியம். நானும் நம்பினேன்.

வலி தாங்காமல் அந்தப் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், இளம் டொக்டர் பிள்ளை கத்தினாள்.

"உது பூ இல்லையம்மா, கிருமி தின்னுற புண்! இந்த மருந்து கிருமிக்குச் சோறு போட்டிருக்கு. போத்தலை வாசிக்கேல்லையோ?"

"கண்ணாடி வீட்டிலை கிடக்கு," என்றேன். பொய். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்; போத்தலில் இருந்ததோ இங்கிலிஸ்.

வார்டில் இரண்டு புதுப் போத்தல்கள் தந்தார்கள்.

"மணித்தியாலத்துக்கு ஒருக்கா விடுறது எது? காட்டுங்கோம்மா," என்று தாதி கேட்டாள்.

தலை நிமிர்ந்து, பிழையானதைக் காட்டினேன். அவள் மற்றதில் சிவப்பு நூல் கட்டினாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

அந்த நூலால் கண் தப்பியது. தழும்பு மிஞ்சியது. வீடு வந்து பாக்கியத்தை ஊர் கேட்க ஏசினேன். ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. ஆனால் அது அவள் மேல் இல்லை. "எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை" என்ற நாலு சொல் வராத என் வாய் மேல்தான்.