வாரேன் என்றாள் ரோகிணி

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ரோகிணிக்கு வாரத்தில் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல்தான் லீவு. அந்த அரை நாளைப் பல வருஷமாகத் திருப்பரங்குன்றத்தில் அருள்பாண்டியின் மாடி அறைக்குக் கொடுத்துவந்தாள். அங்கேதான் வயலின் கற்றாள்.

அருள்பாண்டிக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். திருவிழா மேடைகளில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்து வளர்ந்தவர். கொஞ்ச நாளாகச் சுருதிப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். ரோகிணி கவனித்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

மேலூர் இன்னிசைக் குழுவில் வயலினுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வாசித்துக் காட்டினாள். குழுவை நடத்தும் மருது தலையைச் சொறிந்தான்.

"விரலு அருமையா ஓடுதுக்கா. சுருதிதான் இறங்கி நிக்கிது. வாத்தியார் சொல்லலையா?"

சொல்லவில்லை.

"ஆடி மாசம் அம்புட்டுக் கச்சேரி கெடக்கு. அதுக்குள்ள வேற ஆளுகிட்டப் போய்ச் சரிபண்ணிருங்க. இடம் உங்களுக்குத்தான்."

தல்லாகுளத்தில் ஒரு டீச்சரையும் அவனே சொல்லிவைத்தான். அவரும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் வரச் சொன்னார்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? போறேன்ணே, இனிமே வரலைன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு ஓடியா" என்றாள் கூட வேலை பார்க்கும் சுஃபியா.

அடுத்த வகுப்பில் ரோகிணி பஞ்சமத்தை வேண்டுமென்றே கீழே இறக்கிப் பிடித்தாள். அவளுக்கே காது கூசியது. அருள்பாண்டி கண்ணை மூடித் தலையாட்டினார்.

"சபாஷ்! இன்னைக்குத்தாம்மா நின்னு பேசுது."

வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வாசலில் நின்றாள். "அண்ணே, இனிமே நான்..."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு, வெளிய பஸ் இரைச்சலு."

வெளியே பஸ் எதுவும் இல்லை.

போறேன். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அவள் வீட்டில் வெளியே கிளம்பும் யாரும் அதைச் சொன்னதில்லை. யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று திருத்தித்தான் அனுப்புவார்கள். தொண்டைவரை வந்த சொல்லை நாக்கு பிடித்துத் திருப்பிவிட்டது.

"வாரேன்ணே" என்றாள், உரக்க.

அவர் முகம் மலர்ந்தது. "வா வா. அடுத்த வாரம் சீக்கிரமே வா. மத்ததுக எல்லாம் சொல்லாமக் கொள்ளாம நின்னுபோச்சுக."

மறுநாள் கடை திறக்கும் முன்பே சுஃபியா பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்னான்னு?"

"வாரேன்னு."

"யா அல்லா! உன்னைய எல்லாம் எவடி வெளங்கவைக்கிறது? வாரேன்னா வருவேன்னுதானே அந்த மனுசன் நெனப்பாரு?"

"அப்படித்தான் நெனச்சிட்டாரு."

"போன்ல சொல்லு."

"போன்ல பேசுனா அவருக்குச் சுத்தமாக் கேக்காதுடி."

சுஃபியா ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கடைக்குள் போனாள்.

வியாழக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் வயலின் பெட்டியோடு நின்றாள். தல்லாகுளம் போகிற பஸ் வந்தது. படியில் காலை வைத்தாள். பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள், ஒதுங்கி வழிவிட்டாள். ஆள் ஏறி முடிந்து பஸ் கிளம்பிப் போனது.

"அக்கா, குன்றம்தானே? ஏறுங்க" என்றார் அடுத்து வந்த பஸ்ஸின் கண்டக்டர். வாரா வாரம் பார்க்கிற முகம்.

தெருமுனையிலேயே சுருதிப்பெட்டி கேட்டது. போன வாரத்தைவிடச் சத்தமாக.

"வந்துட்டியா!" என்றார் அருள்பாண்டி.

சொன்னபடி வந்திருந்தாள்.