மூன்று சீட்டிலும் ஸ்பீட்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், சகுனம், குறி என்று எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும், சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரில் உள்ள ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் முப்பது வருசமாக வேலை செய்கிறேன். கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகளை அவரவர் ஊருக்கு அனுப்புவதும், ஏற வருகிறவர்களைக் கூட்டிவந்து சேர்ப்பதும் என் பொறுப்பு. எந்த நாட்டில் எந்த ரயிலை விட்டால் எந்த விமானம் தவறும் என்று விரலில் எண்ணிச் சொல்வேன். நேரசூசியை நம்புவேன், வேறு எதையும் நம்ப மாட்டேன்.

போன வருசம் அக்காவின் மகள், என்னைச் சின்னம்மா என்று கூப்பிடும் துஷி சூரிச்சில் இருந்து எங்கள் மூன்று பேருக்கும் விசாவுக்கு ஒழுங்கு செய்தாள். மூன்று பேர் என்றால் நான், என் அக்கா, அத்தான். பிள்ளையோடு இரண்டு கிழமை இருந்துவிட்டு, ஒரு கிழமை நாங்களாகவே ரயிலில் மலைப்பக்கம் சுற்றுவதென்று முடிவு. திட்டம் போட வேண்டியது யார் என்று கேட்கவே தேவையில்லை.

இந்தப் பயணத்தை அக்கா ஏன் ஒத்துக்கொண்டாள் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. எங்களுக்கு ஒரு தம்பி, குகன். சண்டைக் காலத்தில் ஏஜென்டைப் பிடித்து வெளியே போனவன். இருபது வயசு. கடைசிக் கடிதம் இத்தாலியில், மிலானில் இருந்து வந்தது. "நாளைக்கு ரயில். மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எழுதுறன்." அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது, அடுத்த கடிதம் வரவே இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்குக் காரியம் செய்ய முடியுமா? எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் அந்தியேட்டிக் காரியம். அப்பாவுக்கு அங்கே செய்தோம், அம்மாவுக்கும் செய்தோம். குகனுக்கு மட்டும் செய்யவில்லை. செய்தால் நாங்களே அவனைக் கொன்றதாகிவிடும் என்பாள் அக்கா. செய்யாமல் விட்டால் பிள்ளை வழியில் நிற்குமே என்று தவிப்பதும் அவள்தான். அந்த மலையை ஒரு தரம் பார்த்தால் மனசுக்கு ஏதாவது தெரியும் என்று நினைத்தாள். மலை என்ன, வாய் திறந்து கதைக்கவா போகிறது?

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஒரு ஊரைத் தளமாக வைத்து, பெட்டிகளை அங்கே போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் கையை வீசிக்கொண்டு ஒரு பக்கம் போய் வருவதுதான் புத்தியான வேலை. எந்த ஊர் என்பதில்தான் சண்டை. அத்தானுக்கு லூசேர்ன், அங்கே ஏரியில் கப்பல் ஓடுகிறதாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனுசனுக்குச் சுவிசிலும் கப்பல் கேட்கிறது! அக்காவுக்கு இன்டர்லாக்கன், பக்கத்து வீட்டு டீச்சர் போய்ப் படம் போட்டிருந்தா. நான் ஸ்பீட்ஸ் என்றேன். சின்ன ஊர், நாலு பக்கத்துப் பாதையும் வந்து சேரும் சந்தி. கல்ஓயாவில் இறங்கி ரயில் மாறி மாறியே வயசு போன திருகோணமலைக்காரருக்குச் சந்தி ஸ்டேசனின் அருமையை விளக்கவும் வேண்டுமா? விளக்கினேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

பிரிக் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. மிலானில் இருந்து வரும் ரயில், மலைக்குள் நீளமான சுரங்கத்தால் நுழைந்து, சுவிஸ் பக்கத்தில் முதலில் வந்து நிற்கும் பெரிய ஸ்டேசன். தளமாக வைக்க அதுவும் நல்ல ஊர்தான். அந்தப் பெயரை நான் வேண்டுமென்றே வாயில் எடுக்கவில்லை. அக்கா அங்கே போனால் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்து உடைந்து போவாள் என்று பயந்தேன்.

நாலு நாள் வீட்டில் ஒரே கதை. கடைசியில் அக்கா, "சல்லி அம்மனிட்டத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பாப்பம். அவ என்ன சொல்லுறாவோ அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றாள். கல்யாணம், காணி, வீடு என்று எல்லாவற்றுக்கும் அம்மன் முன்னால் சீட்டு எடுக்கிற குடும்பம் எங்களுடையது. சுவிஸ் ஹோட்டலுக்குச் சீட்டுப் போட்ட முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு களவைச் சொல்லப் போகிறேன். சீட்டு எழுதும் வேலையை என்னிடம்தான் தந்தார்கள். கந்தோரில் இருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாளில் மூன்று துண்டு வெட்டி, மூன்றிலும் ஸ்பீட்ஸ் என்றே எழுதினேன். ஓம், அம்மனையே ஏமாற்றப் பார்த்தேன். எது எடுத்தாலும் நான் சொன்ன ஊர், சண்டையும் முடியும், எல்லோருக்கும் நன்மை என்று நினைத்தேன். எழுதிய மூன்றையும் ஒரு தரம் வாசித்துப் பார்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டேன். வேலையில் பழகிய பழக்கம், எதையும் சரிபார்க்காமல் நான் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை, மத்தியானப் பூசை. கடற்கரையோரச் சல்லியில் அந்த நேரம் வெயில் என்றால் வெயில், கோவில் வாசல் மணலில் கால் வைக்க ஏலாது. பூசாரி என் கையில் இருந்து சீட்டுகளை வாங்கிச் செம்புக்குள் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அவளிடம் கண்ணாடி இல்லை, அத்தான் அவள் கையைப் பிடித்து எட்டிப் பார்த்து வாசித்தார்.

"பிரிக்."

"அது எந்த ஊர்?" என்று என்னைப் பார்த்தார். "என்ட லூசேர்னைக் காணேல்லையே?"

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன். நான் அதை எழுதவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் என்ன எழுதினாய் என்று கேட்பார்கள். "அதுவும் நல்ல இடம்தான்" என்று மட்டும் சொன்னேன். அக்கா சீட்டை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அம்மன் தந்தது என்று விபூதியோடு சேர்த்துப் பணப்பைக்குள் வைத்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு சீட்டு. இரண்டிலும் ஸ்பீட்ஸ்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மனசில் கிடந்த பெயர் கையில் வந்திருக்கும், என்னை அறியாமல் ஒன்றில் பிரிக் என்று எழுதியிருப்பேன். மூன்றையும் சரிபார்த்தேனே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நீ என்ன கடவுளா, உனக்கும் பிழை வரும் என்று அதை அடக்கிவிட்டேன். அன்று பின்னேரமே பிரிக்கில் அறை போட்டாயிற்று.

உண்மையைச் சொன்னால் அந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேசன் வாசலிலேயே சிவப்பு ரயில் பஸ் போல வந்து நிற்கும், ஏறினால் மலை உச்சி. காலையில் ஒரு பக்கம் போவோம், அத்தான் குரங்குத் தொப்பியோடு பனிக்கு முன்னால் நின்று படம் எடுப்பார், பின்னேரம் திரும்பிவிடுவோம். கடிதத்தில் இருந்த மலை இதுதான் என்று முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "மிலான் ரயில் எத்தனை மணிக்கு வரும்?" என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் தினமும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் அவள் மேடையில் உள்ள மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள், சேலைக்கு மேல் துஷியின் குளிர்ச்சட்டை. இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இருபது வயசுப் பொடியனைத் தேடுகிறாளா, கிழவனாகப் போகிற ஒருவனைத் தேடுகிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காக அந்த ஒரு மணித்தியாலத்தை என் திட்டத்தில் எழுதி வைத்தேன்.

ஐந்தாம் நாள். ரயில் வந்து போன பிறகு மேடையில் நின்ற ஒரு மனுசன் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுபது வயசுக்குக் கிட்ட இருக்கும், நல்ல கோட்டு.

"தமிழோ? ஊரில எவடம்?"

"திருகோணமலை" என்றார் அத்தான்.

ஜெகன் என்று பெயர் சொன்னார். லொசான் பக்கத்தில் இருக்கிறாராம், அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கிறதாம். இந்த ஸ்டேசனுக்கு வந்தால் மனசு ஒரு மாதிரி என்றார்.

"நான் முதல் முதல் இறங்கின இடம் இதுதான், அக்கா. மிலானில இருந்து நாலு பேர் வந்தனாங்கள். ஒருத்தன் உங்கட ஊர்தான். குகன் எண்டு பேர்."

அக்கா எழும்பினாள். அந்த மனுசனின் கோட்டுக் கையைப் பிடித்தாள், பிறகு விடவே இல்லை. எங்கள் தம்பி என்று அத்தான்தான் சொன்னார். ஜெகன் வாங்கில் இருந்துவிட்டார். எல்லைக்கு முந்தின ஸ்டேசனில் பொலிஸ்காரர் பெட்டிக்குள் சோதனைக்கு ஏறினார்களாம். இவர்கள் நாலு பெட்டியில் பிரிந்து இருந்தார்களாம். குகன் அந்தப் பக்கத்துக் கதவால் இறங்கி ஓடியதைக் கண்டாராம், அதற்குள் ரயில் எடுத்துவிட்டது.

"பிறகு, பனிக்குள்ள நடந்து மலையேறின ஒரு தமிழ்ப் பொடியன் மேல செத்துக் கிடந்தவனாம் எண்டு ஒரு கதை வந்தது. பேர் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அக்கா. ஆனா ஆரிட்டச் சொல்லுறது? விலாசம் இல்லை."

பிறகு அவர் தன் பணப்பையைத் திறந்தார். ஊர்ப் பெயர் மறந்து இறங்காமல் விட்டுவிடுவார்கள் என்று குகன் ஆளுக்கொரு துண்டில் எழுதித் தந்தானாம். மூன்று பேருக்கு மூன்று, தனக்கு ஒன்று. அந்தத் துண்டோடு வந்துதான் தனக்கு வாழ்க்கை கிடைத்தது, அதை எறிய மனம் வரவில்லை என்றார். கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்தது, மடிப்பெல்லாம் பழுப்பு. அதில் தமிழில் பிரிக் என்று எழுதியிருந்தது.

அக்கா தன் பணப்பைக்குள் கையை விட்டு, சல்லியில் எடுத்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அன்றுதான் அதை நான் கிட்டத்தில் பார்த்தேன். கோடு போட்ட தாள். அதே பழுப்பு. அதே கை எழுதிய எழுத்து. நீங்கள் நம்பினால் நம்புங்கள், நான் வெட்டியது வெள்ளைத் தாள், அதில் ஒரு கோடும் இல்லை.

"வசந்தா, இது நீ எழுதினதோ?" என்று கேட்டாள் அக்கா.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். "இல்லையக்கா. நான் மூண்டிலயும் ஸ்பீட்ஸ் எண்டுதான் எழுதினனான். செம்புக்குள்ள மிச்சம் கிடந்த ரெண்டிலயும் அதுதான்" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து, முப்பது வருசமாக வராத அழுகை முழுவதும் அந்த மேடையிலேயே அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குப் போய்க் கன்னியாவில செய்வம்" என்றாள். செய்தோம். அன்று இரவு அக்கா நன்றாக நித்திரை கொண்டாள், இப்போதும் கொள்கிறாள். எனக்கு அது போதும், யார் என்ன விளக்கம் சொன்னாலும் சரி.

ஆனால் ஒன்றை இன்னும் அத்தானுக்குக்கூட நான் சொல்லவில்லை. பிரிக்கில் இருந்து சூரிச்சுக்குத் திரும்பிய அன்று, பட்டப்பகல், பதினொரு மணி இருக்கும். நாலு பேர் இருக்கக்கூடிய இருக்கை, நானும் அத்தானும் ஒரு பக்கம், எதிரில் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய கைப்பை. இந்தப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சுரங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் ஒரு ஏரிக்கரையில் நின்றது. அக்கா பெயர்ப்பலகையைக் காட்டி என்ன ஊர் என்று கேட்டாள்.

"ஸ்பீட்ஸ்" என்றேன்.

"நீ எழுதின ஊர். செம்புக்குள்ள ரெண்டுதானே கிடந்தது, உன்ட மற்றச் சீட்டு எங்கயடி?"

அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையைக் கையால் ஒரு தரம் துடைத்துவிட்டாள்.

ரயில் புறப்பட்டதும் டிக்கெட் பார்க்கிறவர் வந்தார், இளம் ஆள், சிரித்த முகம். அத்தானுடையதைப் பார்த்து நன்றி சொன்னார், என்னுடையதற்கும் சொன்னார், அக்காவுடையதற்கும் சொன்னார். அத்தான் வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் அக்காவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லாத இருக்கைப் பக்கம் கையை நீட்டி, கொஞ்சம் குனிந்து, சின்னத் துண்டில் எழுதியதை வாசிக்கிறவரைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நாலாவது தரமும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.