தெரு நடுவில் ஐந்து குழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பொய்யில்லை. பொது இடங்களைத் திருத்தி வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோதும் கோபத்தோடுதான் தொடங்கினேன். அவ்வளவு அகலமான, நேரான தெரு. ஒரு மரம் கிடையாது, உட்கார ஒரு கல் கிடையாது. இத்தனை இடத்தை வீணாகப் போட்டுவைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று திட்டிக்கொண்டே அளவெடுத்தேன்.

பத்து நாள் அங்கே நின்று குறிப்பெடுத்தேன். யார் எந்த ஓரமாக நடக்கிறார்கள், வண்டி எங்கே நிற்கிறது, நிழல் எப்போது எங்கே விழுகிறது, எல்லாம். டிபன் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போவேன், தெருவிளக்கு எரியும்போது கிளம்புவேன். வீடுகளுக்குள் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் தெரு நடுவே வரிசையாக ஐந்து புங்க மரம், ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் பெஞ்சு என்று வரைந்தேன். கூட்டம் போட்டுப் படத்தைக் காட்டினோம். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படம். ஐந்து பச்சை வட்டம். தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். அந்த வட்டம் எங்கே வருகிறது என்று அவர்களுக்குப் புரிந்ததா என நான் கேட்கவே இல்லை.

குழி தோண்டிய மறுநாள் விடியற்காலையில் போன். அந்தத் தெருவில் பட்டு நெய்கிற பெண். என் வயதுதான் இருக்கும். அளவெடுத்த நாட்களில் எனக்குத் தண்ணீர் கொடுத்தவள்.

"மேடம், ஒடனே வாங்க. எங்க பாவு போவுது!"

தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு என்று தெரியும். அது போவதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நல்ல காரியம் செய்யவிட மாட்டார்களே என்று முணுமுணுத்தபடி ஸ்கூட்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர் தெருவில் நிற்கிறார்கள். அவளும் அவள் கணவரும் கஞ்சி தோய்த்த பட்டுநூலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்கள். மாம்பழ மஞ்சள். மூன்று புடவைக்கான நூல். ஈரம் காய்வதற்குள் அதைத் தெருவில் நீளமாக விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட வேண்டும். சுருட்டினபடியே காய்ந்தால் அத்தனையும் பாழ். விரிக்க வேண்டிய இடத்தில் என் ஐந்து குழிகளும் மண்மேடுகளும்.

"இந்தத் தெரு எதுக்கு இம்மாம் அகலமா இருக்குதுன்னு நெனச்சீங்க? தேர் ஓட்டவா?" என்று கணவர் கேட்டார்.

"தோண்டும்போதே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"மேஸ்திரிகிட்ட சொன்னோமே! காலைல பலகை போட்டு மூடித் தரேன்னாரு. அத நம்பித்தான் தோய்ச்சோம், ஆளையே காணோம்" என்றாள் அவள். பிறகு குரல் உடைந்து, "பத்து நாளா பாத்துக்கினுதானே இருந்தீங்க மேடம்?"

பார்த்தேன்தான். விடிந்ததும் பாவை விரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி, தெருவையும் பெருக்கிவிட்டு அவர்கள் தறிக்குப் போன பிறகு வந்து பார்த்தேன். பார்த்துவிட்டு வீண் என்று எழுதினேன். அட, என் படிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போட! அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல் வெட்கமாக இருந்தது. குழியும் தயாராக இருந்தது.

ஒரு மண்வெட்டியைப் பிடுங்கி நானே மூட ஆரம்பித்தேன். ஆளுக்கொரு கூடை, தட்டு, வாளியோடு வந்துவிட்டார்கள். மூடிய இடத்தை மிதித்துச் சமன்செய்ததும் பாவு விரிந்தது. சில இழைகள் அறுந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிந்தாள். இழைகளைப் பிரித்துத் தாங்கும் ஒரு கழியை என் கையில் கொடுத்து, "ஆடக் கூடாது, பேசக் கூடாது" என்றார்கள். ஆடாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்ததுதான் பெரும்பாடு. பாவு பிழைத்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் விடியற்காலையில் போய்ப் பார்த்து, மறுபடி வரைந்தேன். மரங்கள் தெருமுனைகளுக்குப் போயின, பெஞ்சுகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டன. தரை முழுக்க மேடுபள்ளமில்லாமல் கல். பாவு கட்ட இரண்டு முனையிலும் இரும்பு வளையம். காலை எட்டு மணிவரை வண்டி வரக் கூடாது.

"நடுவுல என்னம்மா இருக்குது?" என்று எங்கள் மேலதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி நாளு?"

அன்றைக்கு என் கோபம் நல்ல காரியத்துக்கு உதவியது. அவர் கையெழுத்துப் போடும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வேலை முடிந்து வெகுநாள் ஆகிறது. போன வாரம் அவள் கூப்பிட்டாள். "நாளைக்கு எங்க பாவு மேடம். ஒரு ஆளு கொறையுது."

அங்கே பாவு விரிக்கக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இந்த வீட்டுப் பாவுக்கு அந்த வீட்டார் வருவார்கள், அந்த வீட்டுக்கு இவர்கள் போவார்கள்.

"எனக்குத் தறியே கெடையாதேம்மா. நீங்க எதுக்குத் திருப்பி வருவீங்க?" என்றேன்.

"தறி இல்லன்னா இன்னா? உங்க வூட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா இந்தத் தெருவே வரும். நேரத்தோட வந்துடுங்க."

போனை வைத்துவிட்டு, வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன்.